ஆப்பிள் 2ஈ-யில் கார்டு செருகிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

"அண்ணே, புதுசா வாங்கின கார்டு மெஷினையே சாகடிச்சிருச்சு" என்று யாராவது ஆப்பிள் 2ஈ என்ற பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால், நான் அந்தக் கார்டை (மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் சர்க்யூட் பலகையை) தொடமாட்டேன். உள்ளே இருக்கும் மற்ற எல்லாக் கார்டுகளையும் கழற்றிவிட்டு, வெறும் மெஷினை ஓட்டிப் பார்ப்பேன். பாதிக்கு மேல் அங்கேயே விடை கிடைத்துவிடும். புதிய கார்டு பெரும்பாலும் குற்றவாளி இல்லை. அதைச் செருகும்போது பக்கத்துக் கார்டு அசைந்திருக்கும், கேபிள் ஒன்று தளர்ந்திருக்கும், நாற்பது வருடத்துத் தொடர்புத் தகடு கருத்திருக்கும்.

கீழே உள்ளவை 1983-இல் வந்த 2ஈ-க்கும் 1985-இல் வந்த மேம்படுத்திய 2ஈ-க்கும் பொருந்தும். அதற்கு முந்தைய மாடலான 2 பிளஸுக்கும் பெரும்பகுதி பொருந்தும். தட்ட வேண்டிய ஆணைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அதே ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.

மூடியைத் திறந்ததும்

பின்னால் உள்ள சுவிட்சை அணையுங்கள். மின்வயரைப் பிடுங்க வேண்டாம். மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருந்தால் அது அப்படியே இருக்கட்டும். 2ஈ-யின் மதர்போர்டில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அது எரிந்துகொண்டிருக்கும்போது எந்தக் கார்டையும் செருகவோ உருவவோ கூடாது. 2 பிளஸில் அந்த விளக்கு கிடையாது, விசைப்பலகையில் உள்ள பவர் விளக்கைப் பாருங்கள். மின்சாரம் இருக்கும்போது கார்டை உருவினால் போவது அந்தக் கார்டு மட்டும் இல்லை, மதர்போர்டில் உள்ள பஃபர் சிப்புகளும் சேர்ந்து போகும்.

விளக்கு அணைந்த பிறகு, இடப்பக்கம் இருக்கும் பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் எர்த் வழியாகப் போய்விடும்.

அப்புறம் திசை. நீங்கள் விசைப்பலகை முன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், கார்டில் சிப்புகள் உள்ள பக்கம் வலப்பக்கம் பார்க்க வேண்டும், அதாவது பவர் சப்ளைக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஸ்லாட்டில் தப்பான திசையைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை, திருப்பிப் போட்டாலும் கார்டு உட்காரும். அப்படி உட்கார்ந்தால், 5 வோல்ட் வாங்க வேண்டிய 25-ஆம் பின், 12 வோல்ட் கொடுக்கும் 50-ஆம் பின்னின் இடத்தில் போய் நிற்கும். கார்டில் உள்ள ஐசிக்கள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அதனால் சுவிட்ச் போடும் முன் இன்னொரு தடவை பாருங்கள்.

அறிகுறி 1: விளக்கே வரவில்லை, அல்லது "டிக்... டிக்... டிக்" என்று சத்தம் மட்டும்

இந்த டிக் சத்தம் பவர் சப்ளையிலிருந்து வருகிறது. எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது அல்லது சுமை தாங்கவில்லை என்பதால், அது தன்னைத்தானே அணைத்து அணைத்துத் திரும்ப முயல்கிறது. சத்தம் கேட்டவுடன் சுவிட்சை அணையுங்கள்.

எல்லாக் கார்டையும் கழற்றுங்கள், ஆக்சிலரி என்ற தனி ஸ்லாட்டில் இருக்கும் 80 காலம் கார்டு (திரையில் வரிக்கு 80 எழுத்து காட்டும் கார்டு) உட்பட. எது எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது சுவிட்ச் போடுங்கள்.

வெறும் மெஷின் பீப் அடித்து, மேலே "ஆப்பிள்" என்ற எழுத்தும், கீழே பேசிக் என்ற நிரல்மொழியின் அடைப்புக்குறியும் கர்சரும் வந்தால்: பவர் சப்ளையும் மதர்போர்டும் நலம். கோளாறு கார்டுகளில் ஒன்றில். மேஜைமேல் ஒவ்வொரு கார்டாக எடுத்து, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, கார்டின் பின்கோடியில் இரண்டு பக்கமும் எதிரெதிரே இருக்கும் கடைசித் தங்க விரல்களுக்கு இடையே அளந்து பாருங்கள். ஒன்று 5 வோல்ட், மற்றது எர்த். 5 ஓம்முக்குக் கீழே காட்டினால் கார்டுக்குள் ஷார்ட். பழைய கார்டுகளில் இதற்கு வழக்கமான காரணம் மிளகளவு இருக்கும் டான்டலம் கபாசிட்டர். கருகியோ வெடித்தோ இருந்தால் கண்ணிலேயே தெரியும். சால்டரிங் தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை.

எல்லாக் கார்டும் தனித்தனியாக நன்றாக இருந்து, சேர்த்துப் போட்டால் மட்டும் டிக் டிக் என்றால்: சுமை அதிகம். மொத்தக் கார்டுகளும் சேர்ந்து 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது ஆப்பிளின் கையேட்டுக் கணக்கு. சப்ளையின் மொத்தத் திறனே 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர்தான். பலர் இந்த வரம்பைத் தாண்டித்தான் ஓட்டுகிறார்கள், உண்மை. ஆனால் வயதான சப்ளை அதைப் பொறுத்துக்கொள்ளாது. அன்றைக்குப் பயன்படாத கார்டைக் கழற்றி வையுங்கள்.

வெறும் மெஷினிலும் டிக் சத்தம் நிற்கவில்லை என்றால்: பவர் சப்ளையையே பார்க்க வேண்டும். அதைத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கபாசிட்டர்கள் வயரைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கிப்போடும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்விட்ச்-மோட் பவர் சப்ளை பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

சுவிட்ச் போட்டும் சத்தம்கூட இல்லை என்றால், கார்டை விட்டுவிட்டு சப்ளையின் லேபிளைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினில் 107 முதல் 132 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அதை நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகியிருந்தால், பழுது கார்டில் இல்லை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த மெஷினை ஓட்டவே கூடாது. 150 வாட் அளவுள்ளது தாராளம்.

அறிகுறி 2: விளக்கு எரிகிறது, பீப் இல்லை, திரையில் குப்பை

சதுரம் சதுரமாகவோ கோடு கோடாகவோ எழுத்துகள் சிதறி நிற்கும். இங்கும் முதல் வேலை எல்லாக் கார்டையும் கழற்றுவதுதான்.

வெறும் மெஷின் சரியாகிவிட்டதா? அப்படியானால் ஒவ்வொரு கார்டாகச் சுத்தம் செய்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். ஒன்றைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, அணைத்து, அடுத்ததைப் போடுங்கள். இரண்டை ஒன்றாகப் போட்டால் எது காரணம் என்று மறுபடி தேட வேண்டும்.

சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் அதிகம் பலன் தருவது, இதைத்தான் எல்லோரும் அவசரமாகச் செய்கிறார்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்து, தங்க விரல்களை நீளவாக்கில் துடையுங்கள். வெறும் கண்ணுக்குப் பளபளவென்று தெரிந்த கார்டிலிருந்தும் பஞ்சு சாம்பல் நிறமாகக் கருத்து வரும். அடுத்த குச்சியும் கருத்து வரும். மூன்றாவது வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். போகாத கறைக்கு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மென்மையான வெள்ளை ரப்பர் போதும். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரும் உப்புத்தாளும் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும், வேண்டாம். ரப்பர் தூளைத் துடைத்துவிட்டுத்தான் கார்டைப் போட வேண்டும். ஸ்லாட்டுக்குள் தொடர்பு சுத்தம் செய்யும் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடித்து, கார்டை இரண்டு மூன்று தடவை செருகி எடுங்கள். காய்ந்த பிறகு மின்சாரம்.

கார்டு சுத்தமாகி, செருகிய பிறகும் அதே குப்பையா? கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கேபிள் பின்னால் போகிறது, அதன் எடை பின்கோடியை மெல்ல மேலே தூக்கும். 5 வோல்ட்டும் எர்த்தும் அந்தப் பின்கோடியில்தான் இருக்கின்றன. முன்பக்கம் முழுதாக உட்கார்ந்திருக்கும், பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருக்கும், மெஷின் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். மெஷினைப் பக்கவாட்டில் கண் மட்டத்துக்கு வைத்து, கார்டின் விளிம்பும் ஸ்லாட்டின் மேல்புறமும் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேபிளைத் தளர்த்தி, பின்கோடியை அழுத்தி உட்கார வையுங்கள். இந்த ஒரே காரணத்துக்காகக் குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த கார்டுகளை நான் காப்பாற்றியிருக்கிறேன்.

வெறும் மெஷினிலேயே குப்பை என்றால், மதர்போர்டில் சாக்கெட்டில் உள்ள சிப்புகளைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். வெப்பத்தில் விரிந்து சுருங்கி அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியிருக்கும். அப்புறம் கன்ட்ரோல், நிரப்பிய ஆப்பிள் படம் உள்ள விசை, ரீசெட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் (பின்னாளில் வந்த பிளாட்டினம் 2ஈ-யில் நிரப்பிய ஆப்பிளுக்குப் பதில் ஆப்ஷன்) மெஷின் தன்னைத்தானே சோதிக்கும். பழைய 2ஈ-யில் "கெர்னல் ஓகே", மேம்படுத்தியதில் "சிஸ்டம் ஓகே" என்று வந்தால் நிம்மதி. ராம் என்று பிழை காட்டினால் மெமரி சிப் ஒன்று போயிருக்கிறது, விலை அதிகம் இல்லை. எம்எம்யூ அல்லது ஐஓயூ என்று காட்டினால், அவை ஆப்பிளே தனக்காகச் செய்துகொண்ட சிப்புகள், இன்று இன்னொரு 2ஈ-யிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் நின்று, பழைய மெஷின்களில் கை பழகியவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 3: பீப் வருகிறது, டிஸ்க் டிரைவ் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இதில் காதுதான் கருவி.

டிரைவின் சிவப்பு விளக்கே எரியவில்லை என்றால்: மெஷின் டிஸ்க் கார்டைப் பார்க்கவே இல்லை. 2ஈ ஸ்லாட் 7-இல் தொடங்கி 1 வரை இறங்கி, துவக்கக்கூடிய கார்டைத் தேடும். 7-இல் ஹார்டு டிஸ்க் வகைக் கார்டு இருந்து, அதில் மீடியா இல்லையென்றால் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். கன்ட்ரோலும் ரீசெட்டும் அழுத்தி வெளியே வந்து, பி.ஆர்.#6 என்று தட்டுங்கள். டிரைவ் ஓடினால் கார்டில் குறையில்லை, வரிசைதான் பிரச்சினை. ஓடவில்லை என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

விளக்கு எரிந்து, "டர்ர்ர்ர்" என்று உறுமிவிட்டு, அப்புறம் சும்மா சுற்றினால்: அந்த உறுமல் நல்ல செய்தி. டிஸ்க்கைப் படிக்கும் ஹெட் ஓரத்தில் போய் முட்டி, பூஜ்ய டிராக்கைத் தேடுகிறது. கார்டின் ரோம் (அதன் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்த நிரல்) ஓடுகிறது, மோட்டாரும் நகர்கிறது என்று பொருள். படிப்பதுதான் நடக்கவில்லை. முதலில் வேறு ஒரு டிஸ்க்கைப் போடுங்கள். அடுத்து, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டைத் துடையுங்கள். அடுத்து, கார்டில் உள்ள பி5, பி6 சிப்புகளின் எண்ணைப் படியுங்கள். 341-0027, 341-0028 என்றால் 16 செக்டார் (ஒவ்வொரு டிராக்கும் 16 துண்டு) கார்டு, சரி. 341-0009, 341-0010 என்றால் அது 1980-இல் டாஸ் 3.3 என்ற டிஸ்க் மென்பொருள் வருவதற்கு முந்தைய 13 செக்டார் கார்டு. புதிய டிஸ்க்கை எத்தனை மணி நேரம் சுற்றினாலும் அது படிக்காது. அந்த இரண்டு சிப்பையும் மாற்றினால் போதும்.

விளக்கு எரிகிறது, உறுமலே இல்லை என்றால்: ரிப்பன் கேபிளைப் பாருங்கள். டிஸ்க் கார்டில் இருப்பது தடுப்பு எதுவும் இல்லாத 20 பின் வரிசை. ஒரு பின் தள்ளிச் செருகினாலும் உட்கார்ந்துகொள்ளும். குனிந்து, டார்ச் அடித்து, இரண்டு ஓரத்திலும் பின் எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

தள்ளிச் செருகி ஒரு தடவை மின்சாரம் போட்டுவிட்டீர்கள் என்றால், 12 வோல்ட் போகக் கூடாத கம்பியில் போயிருக்கும். பெரும்பாலும் போவது டிரைவுக்குள் இருக்கும் அனலாக் போர்டில் உள்ள 74எல்எஸ்125 என்ற சிப். கேபிளைச் சரியாக மாட்டிய பிறகும் டிரைவ் சுற்றும், படிக்காது. நல்லது என்று தெரிந்த வேறு டிரைவை அதே கார்டில் மாட்டிப் பாருங்கள். அது படித்தால் கார்டு தப்பித்தது, பழைய டிரைவின் அந்தச் சிப்பை மாற்ற வேண்டும். மிக மலிவான சிப். சாக்கெட்டில் இருந்தால் நீங்களே மாற்றலாம், போர்டில் சால்டர் செய்திருந்தால் கை பழகியவர் எடுத்துவிட்டு ஒரு சாக்கெட் வைத்துத் தரட்டும். நல்ல டிரைவும் படிக்கவில்லை என்றால் கார்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி 4: மெஷின் நன்றாக ஓடுகிறது, கார்டு மட்டும் இருப்பதாகவே தெரியவில்லை

மென்பொருளை நம்பாதீர்கள், மெஷினையே கேளுங்கள். பேசிக்கில் கால் -151 என்று தட்டினால் நட்சத்திரக் குறி வரும், அது மானிட்டர் (திரை இல்லை, மெமரியை நேராகப் பார்க்கும் உள் நிரல்). ஸ்லாட் 6-க்கு சி600.சி607 என்று தட்டி ரிட்டர்ன் அழுத்துங்கள். ஸ்லாட் 2 என்றால் சி200.சி20சி. நடுவில் வருவது ஸ்லாட் எண்.

டிஸ்க் கார்டு நலமாக இருந்தால் ஏ2 20 ஏ0 00 ஏ2 03 86 3சி என்று வரிசையாக வரும். பிரின்டர், மோடம் இணைக்கும் சூப்பர் சீரியல் கார்டாக இருந்தால் 5-ஆம் இடத்தில் 38, 7-இல் 18, பி-இல் 01, சி-இல் 31 இருக்க வேண்டும் (எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து, 9-க்கு அப்புறம் ஏ, பி, சி). மவுஸ் கார்டிலும் முதல் மூன்றும் அதேதான், கடைசி 20. அதே ஆணையை நான்கைந்து தடவை தட்டிப் பாருங்கள்.

எண்கள் ஒவ்வொரு தடவையும் மாறினால், அந்த ஸ்லாட்டில் யாரும் பேசவில்லை. சுத்தம் செய்து, உட்கார வைத்து, வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். வேறு ஸ்லாட்டில் வேலை செய்தால் முதல் ஸ்லாட்டின் உள்தகடு தளர்ந்திருக்கிறது. எங்கேயும் இல்லை என்றால் கார்டின் ரோம் சிப் போயிருக்கலாம்.

எண்கள் மாறாமல், ஆனால் ஒன்றிரண்டு மட்டும் தவறாக இருந்தால் ரோமின் கால் ஒன்று மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சாக்கெட்டுக்கு அடியில் மடங்கிக் கிடக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. சிப்பை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் சரி, கார்டு வேலை செய்யவில்லை என்றால், மென்பொருள் வேறு இடத்தில் தேடுகிறது. பிரின்டர் 1-இல், மோடம் 2-இல், டிஸ்க் 6-இல் என்பது வழக்கம். மாக்கிங்போர்டு என்ற ஒலிக் கார்டை 4-இல் வையுங்கள், விளையாட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் தேடும்.

ஸ்லாட் 3 ஒரு பொறி. ஆக்சிலரி ஸ்லாட்டில் 80 காலம் கார்டு இருந்தால், ஸ்லாட் 3-இன் ரோமை மெஷின் ஒதுக்கிவிட்டுத் தன் உள் ரோமை எடுத்துக்கொள்ளும். ரோம் உள்ள எந்தக் கார்டையும் அங்கே போட்டுப் பயனில்லை. பிஏஎல் என்ற டிவி முறைக்குச் செய்த மெஷின்களில் ஆக்சிலரி ஸ்லாட், ஸ்லாட் 3-க்கு நேரே இருப்பதால் இரண்டு கார்டும் சேர்ந்து உட்காரவே இடம் இராது.

ஹார்டு டிஸ்க் வகைக் கார்டு தானாகத் துவங்கவில்லை, ஆனால் பி.ஆர்.#7 தட்டினால் துவங்குகிறது என்றால் பழுது எதுவும் இல்லை. மேம்படுத்தாத 2ஈ, கார்டின் ரோமில் 7-ஆம் இடத்தில் 3சி இருந்தால்தான் துவக்கும். அந்தக் கார்டுகள் சிலவற்றில் அங்கே 00 இருக்கும்.

அறிகுறி 5: 80 காலத்தில் எழுத்து விட்டு எழுத்து கெடுகிறது

பி.ஆர்.#3 தட்டியதும் ஒரு எழுத்து நன்றாக, அடுத்தது குப்பை என்று மாறி மாறி வந்தால், கோளாறு 80 காலம் கார்டின் மெமரியில். இந்த நிலையில் திரையின் பாதி எழுத்துகள் கார்டின் மெமரியிலிருந்தும் பாதி மதர்போர்டிலிருந்தும் வருகின்றன. கார்டைச் சுத்தம் செய்து, சிப்புகளை அழுத்திப் பாருங்கள்.

64கே உள்ள நீட்டித்த 80 காலம் கார்டைப் போட்டதும் மெஷினே நின்றால், மதர்போர்டின் பின் ஓரத்தில் அச்சடித்த எண்ணைப் படியுங்கள். முடிவில் ஏ என்றிருந்தால் அது முதல் பதிப்பு. அந்தப் போர்டில் கார்டின் ஜம்பரை (பின்களை இணைக்கும் சின்னக் கட்டையை) எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இரட்டை ஹை-ரெஸ் (புள்ளிகள் கூடிய, கூர்மையான) படம் அதில் வராது, மற்றபடி கார்டு முழுதாக வேலை செய்யும்.

அறிகுறி 6: சீரியல் கார்டு தெரிகிறது, ஒரு எழுத்தும் போகவில்லை

கார்டில் முக்கோணம் வரைந்த ஜம்பர் கட்டை இருக்கும். அது மோடம் பக்கம் காட்டினால், இன்னொரு கணினியோடு இணைக்க நல்-மோடம் கேபிள் (அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் குறுக்கே மாறியது) வேண்டும். டெர்மினல் பக்கம் காட்டினால் நேர் கேபிள். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், எதையாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குப்பை எழுத்து வந்தால் வேகம் பொருந்தவில்லை, கார்டில் உள்ள சின்ன டிப் சுவிட்சுகளைப் பாருங்கள். அவை பல வருடம் அசையாமல் இருந்து உள்ளே கருத்திருக்கும், ஒவ்வொன்றையும் பத்துத் தடவை முன்னும் பின்னும் தள்ளிவிட்டு வையுங்கள்.

அறிகுறி 7: அரை மணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் நிற்கிறது

மூடியைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். இப்போது நிற்காமல் ஓடினால் காரணம் வெப்பம்தான். சூடாகும் கார்டுகளுக்கு இடையே ஒரு ஸ்லாட் காலி விடுங்கள், பக்கவாட்டில் ஒரு சிறு விசிறி வையுங்கள்.

மூடி திறந்தும் நின்றால், மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். ஸ்லாட்டுக்குள் முள்ளை விடாதீர்கள், எதிரெதிர்ப் பின்கள் சேர்ந்து ஷார்ட் ஆகும். மதர்போர்டில் உள்ள 16 பின் கேம் (ஜாய்ஸ்டிக் மாட்டும்) சாக்கெட்டில் 1-ஆம் பின் 5 வோல்ட், 8-ஆம் பின் எர்த். மெஷின் ஓடும்போது அங்கே 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் இருக்க வேண்டும். கார்டுகளோடு குறைந்து, கார்டுகள் இல்லாமல் ஏறினால் சுமை அதிகம். கார்டுகள் இல்லாமலும் குறைவு என்றால் சப்ளையின் கபாசிட்டர்கள் வற்றிவிட்டன, அதற்குப் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அறிகுறி 8: திடீரென்று புகையும் காரமான நாற்றமும்

உடனே சுவரில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜன்னலைத் திறங்கள். கார்டு எரிந்துவிட்டது என்று பலரும் பதறுவார்கள். ஆனால் புகை இடப்பக்கப் பெட்டியிலிருந்து வந்தால், அது பெரும்பாலும் பவர் சப்ளையின் மின்வழி நுழைவில் உள்ள ரிஃபா வகைக் காகிதக் கபாசிட்டர். அதன் மஞ்சள் உறை வயதானதும் வெடித்து, ஈரம் உள்ளே போய், ஒரு நாள் புகைந்துவிடும். அது புகைந்த பிறகும் மெஷின் ஓடலாம், கார்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அதை மாற்றாமல் மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டாம். பழுது பார்ப்பவரிடம் பெட்டியைக் கொடுக்கும்போது "எக்ஸ்2 வகை, 0.1 மைக்ரோஃபாரட்" என்று எழுதிக் கொடுங்கள். சாதாரணக் கபாசிட்டரை அந்த இடத்தில் வைக்க விடாதீர்கள்.